கர்ப்பப்பை எடுத்தாச்சு, கர்ப்பப்பை வாய்?

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிஞ்சவங்ககிட்ட, "அக்கா, வாயையும் சேத்து எடுத்தாங்களா, இல்ல வாய மட்டும் விட்டுட்டாங்களா?"ன்னு கேட்டா பெரும்பாலும் பதில் வராது. "எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னாங்க சிஸ்டர், அதுக்கப்புறம் தூரமும் நின்னுருச்சு"ம்பாங்க. நீலகிரியில எஸ்டேட் லைனுக்கும் படுகர் ஊரான ஹட்டிக்கும் கேம்ப் போற நர்ஸுங்கிறதால இந்தப் பதில நான் திரும்பத் திரும்பக் கேக்குறேன். இது தெரியாம இருக்கிறது சின்ன விஷயம் இல்லீங்க, ஏன்னா வாய் மிச்சம் இருந்தா அதுலருந்து மாசாமாசம் ரத்தக்கறை வரலாம், அது கீழ இறங்கலாம், அதுல கேன்சரும் வரலாம், இதுல ஏதாவது ஒண்ணு வந்து மருந்து மாத்திரையில அடங்கலைன்னா அந்த மிச்சத்த எடுக்கவே தனியா ஒரு ஆபரேஷன் தேவைப்படும். அந்த ரெண்டாவது ஆபரேஷன்னா என்ன, யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லைங்கிறத முடிஞ்ச வரைக்கும் எளிமையா சொல்லப் பாக்குறேன்.

மொதல்ல அந்த உறுப்பு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். சீசன்ல கோத்தகிரி ரோட்டோரம் விக்கிற பேரிக்காய் ஒண்ண எடுத்து காம்பு கீழ வர்ற மாதிரி தலைகீழா பிடிங்க, மேல இருக்கிற குண்டுப் பகுதிதான் குழந்தை வளர்ற இடம், கீழ ஒடுங்கி வர்ற கழுத்துதான் கர்ப்பப்பை வாய். அந்தக் கழுத்து சுமார் 3 செ.மீ. நீளம், அதோட முனை பிறப்புறுப்புக்குள்ள கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கும், நடுவுல ஒரு சின்ன குழாய் மாதிரி வழி. குண்டும் கழுத்தும் சேத்து எடுத்தா அது டோட்டல் ஹிஸ்டரெக்டமி. குண்ட மட்டும் எடுத்துட்டு கழுத்த விட்டா அது சப்டோட்டல், சில ஆஸ்பத்திரியில சுப்ராசர்வைகல்னு எழுதுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான். சினைப்பை இதுல சேராது, அத எடுத்தாங்களா இல்லையாங்கிறது தனிக் கேள்வி. மிச்சம் விட்ட கழுத்த டாக்டருங்க ஸ்டம்ப்னு சொல்லுவாங்க, அத எடுக்கிற ஆபரேஷனுக்கு ட்ரக்கலெக்டமின்னு பேரு.

இந்தப் பேரப் போட்டு போன்ல தேடிப் பாக்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதே பேருல முக்கால்வாசி வர்றது வேற ஆபரேஷன் பத்தி, அதாவது கர்ப்பப்பை வாய் கேன்சர் ஆரம்ப நிலையில இருக்கிற, இனிமேதான் குழந்தை பெத்துக்கணும்னு நினைக்கிற சின்ன வயசுப் பெண்களுக்கு கர்ப்பப்பைய வெச்சுக்கிட்டு வாய மட்டும் சுத்தியுள்ள திசுவோட அகலமா எடுக்கிறது, ஃபிரான்ஸ் நாட்டு டாக்டர் டேனியல் டார்ஜான் கொண்டு வந்த முறை. அதைப் படிச்சுட்டு "எனக்கு கேன்சர்னுதான் இந்த ஆபரேஷன் சொல்றாங்க போல, மறைக்கிறாங்க"ன்னு பயந்து அழுதவங்க உண்டு. நம்ம பேசுறது அது இல்ல.

சரி, மொதல் ஆபரேஷன்லயே ஏன் விட்டாங்க? ஒரு காரணம் அவசரம். பிரசவம் முடிஞ்சு ரத்தம் நிக்காம கொட்டுது, மருந்து கொடுத்தும் தையல் போட்டும் நிக்கல, உயிரக் காப்பாத்த கர்ப்பப்பைய எடுத்தே ஆகணும்ங்கிற நேரத்துல கழுத்து வரைக்கும் இறங்கி மூத்திரப்பைய ஒதுக்கி நிதானமா வேலை பாக்க முடியாது, குண்ட மட்டும் சட்டுனு எடுத்து ரத்தத்த நிறுத்திடுவாங்க. அப்படி விட்டது தப்பு இல்ல, அந்த நேரத்துல பல சமயம் அதுதான் சரியான முடிவு, அந்த டாக்டரத் திட்டாதீங்க. இன்னொரு காரணம், ரெண்டு மூணு சிஸேரியன் ஆனவங்களுக்கோ எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரித் திசு வெளிய வேற இடத்துல வளர்ற நோய், இருக்கிறவங்களுக்கோ உள்ள எல்லாம் ஒட்டிப் பிடிச்சிருக்கும், கழுத்துப் பக்கம் போனா மூத்திரப்பையோ குடலோ கிழியும்னு தோணுனா டாக்டர் அங்கயே நிறுத்திடுவாங்க. மூணாவது, டாக்டரும் அந்தப் பெண்ணும் முன்னாடியே பேசி முடிவெடுத்து விடுறது.

இதுல கொஞ்சம் பழைய கதையும் இருக்கு. வயித்தத் திறந்து கர்ப்பப்பை எடுக்க ஆரம்பிச்ச காலத்துல கழுத்த விடுறதுதான் வழக்கம், ஏன்னா பிறப்புறுப்பத் திறந்தா கிருமி வயித்துக்குள்ள போயிடும், அப்ப ஆன்டிபயாடிக் கிடையாது. 1929ல அமெரிக்காவுல எட்வர்ட் ரிச்சர்ட்சன்ங்கிற டாக்டர் கழுத்தோட சேத்து எடுக்கிற முறைய எழுதி வெச்சார், அப்புறம் ஆன்டிபயாடிக்கும் ரத்தம் ஏத்துற வசதியும் வந்ததும் அதுவே பழக்கமாச்சு, மிச்சம் விட்ட கழுத்துல கேன்சர் வருதுங்கிற பயமும் அதுக்கு ஒரு காரணம். 1991ல ஜெர்மனியில குர்ட் செம்ங்கிற டாக்டர் லேப்ராஸ்கோப்பியில, அதாவது வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா வெச்சு, கழுத்த விட்டு எடுக்கிற முறையக் காட்டினார், கழுத்த வெச்சா தாம்பத்திய சுகம் குறையாது, மூத்திரப் பிரச்சனை வராதுன்னு ஒரு பேச்சும் கூடவே பரவிச்சு. இத சரியா சோதிச்சுப் பாத்தாங்க. 2002ல இங்கிலாந்துல 279 பெண்கள ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு முழுசாவும் இன்னொரு பாதிக்கு கழுத்த விட்டும் ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷம் பாத்தாங்க, மூத்திரம், மலம், தாம்பத்தியம் மூணுலயும் ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியல. கழுத்த விட்டவங்களுக்கு ஆபரேஷன் நேரமும் ரத்த இழப்பும் கம்மி, ஆனா நூத்துக்கு 7 பேருக்கு மாசாமாசம் ரத்தம் வந்துச்சு, 2 பேருக்கு கழுத்து கீழ இறங்குச்சு. அதனால ரெண்டாவது ஆபரேஷன்ல கழுத்தும் போனா பொம்பளத்தனமே போயிடும்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. சினைப்பை இருந்தா ஹார்மோனும் அப்படியேதான் இருக்கும், கழுத்த எடுக்கிறதால மெனோபாஸ் வராது.

இப்ப தொந்தரவுக்கு வருவோம். குன்னூர் பக்கம் ஒரு அக்கா, கடைசிப் பிரசவத்துல ரத்தம் நிக்காம கர்ப்பப்பைய எடுத்து பல வருஷம் ஆச்சு. மாசத்துல ரெண்டு நாள் பாவாடையில கறை படும், கர்ப்பப்பையே இல்லியே, அப்ப இது மூலச் சூடுதான்னு அவங்களே முடிவு பண்ணி துத்திக் கீரையும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. மஞ்சப்பையில சுத்தி அரிசி டிரம்முக்குப் பின்னாடி வெச்சிருந்த பழைய ஃபைல எடுத்துக் கொடுத்தாங்க, மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் ஓரமெல்லாம் பூஞ்சை பூத்து தாள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடந்துச்சு, மெதுவாப் பிரிச்சுப் பாத்தா டிஸ்சார்ஜ் சீட்டுல சப்டோட்டல்னு தெளிவா இருக்கு, அதுக்குக் கீழயே கர்ப்பப்பை வாய வருஷா வருஷம் செக் பண்ணணும்னு இங்கிலீஷ்ல ஒரு வரி. அந்த வரிய யாரும் அவங்களுக்குப் படிச்சுச் சொல்லவே இல்ல. எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்ல.

அந்தக் கறை எங்கருந்து வருதுன்னா, கர்ப்பப்பைக்கு உள்பக்கம் மாசாமாசம் உரியுற சவ்வு இருக்குல்ல, அது குண்டுப் பகுதியோட கோடு போட்ட மாதிரி முடிஞ்சுடாது, கழுத்து ஆரம்பிக்கிற இடத்துலயும் கொஞ்சம் இருக்கும். வெட்டும்போது அது துளி மிச்சமானா, சினைப்பை வேலை செய்யுற வரைக்கும் மாசாமாசம் ஹார்மோன் அதையும் தூண்டும், துளி ரத்தம் வரும். இது ஆபத்து இல்ல, தொல்லைதான். அந்தக் குழாய் வழிய சூடு வெச்சுக் கருக்கியோ ஹார்மோன் மருந்து கொடுத்தோ பாக்கலாம், பலருக்கு மெனோபாஸ் வந்தா தானா நின்னுடும், அதனால 48, 49 வயசுல இருக்கிறவங்க கறைக்காக மட்டும் ஆபரேஷனுக்கு ஓடணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மெனோபாஸ் ஆகி வருஷக் கணக்காச்சு, இப்பப் புதுசா ரத்தம் வருதுன்னா, இல்ல தாம்பத்தியத்துக்கு அப்புறம் ரத்தம் வருதுன்னா, நாத்தம் அடிக்கிற தண்ணி மாதிரி வெள்ளைப்படுதுன்னா, அத மூலச் சூடுன்னு விட்டுடாதீங்க, அடுத்த வாரம்னு தள்ளாதீங்க.

ஏன்னா மிச்சம் இருக்கிற கழுத்து மத்த எல்லாப் பெண்களோட கர்ப்பப்பை வாய் மாதிரியேதான், அதே கேன்சர் அதுக்கும் வரும். எச்பிவிங்கிற வைரஸ்தான் காரணம், தாம்பத்தியம் மூலமா ஒட்டுறது, பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா போயிடும், சிலருக்கு மட்டும் தங்கிடும், தங்கினாலும் கேன்சராக பொதுவா பத்து வருஷத்துக்கும் மேல ஆகும், அதுக்குள்ள பாத்துட்டா சுலபமா நிறுத்திடலாம். இத எச்பிவிதான் பண்ணுதுன்னு கண்டுபிடிச்ச ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008ல நோபல் கொடுத்தாங்க. 30 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு நம்ம கவர்மென்ட் ஆஸ்பத்திரியில, பிஎச்சியில (ஆரம்ப சுகாதார நிலையம்) இலவசமா ஒரு டெஸ்ட் பண்றாங்க, விஐஏன்னு பேரு, வினிகர்ல இருக்கிற அதே அசிட்டிக் ஆசிட தண்ணியில நீர்க்கக் கலந்து கர்ப்பப்பை வாயில தடவி ஒரு நிமிஷம் விட்டுப் பாப்பாங்க, கெட்ட செல் இருக்கிற இடம் வெள்ளையா மாறும். ஆனா ஒண்ணு, கழுத்தோட வெளித்தோலும் குழாயோட உள்தோலும் சேர்ற எல்லைக்கோட்டுலதான் கேன்சர் ஆரம்பிக்கும், வயசாக ஆக அது குழாய்க்குள்ள ஏறிடும், வெளியில பாத்தா தெரியாது, அதனால மெனோபாஸ் ஆனவங்க பாப் ஸ்மியரோ (கர்ப்பப்பை வாயிலருந்து செல்ல சுரண்டி எடுத்துப் பாக்குறது) எச்பிவி டெஸ்ட்டோ கேட்டு எடுத்துக்கிறது நல்லது. கேம்ப்ல வரிசையில நிக்கும்போது "எனக்குத்தான் கர்ப்பப்பையே இல்லியே"ன்னு திரும்பிப் போறவங்களத்தான் நான் கையப் பிடிச்சு நிறுத்துறது.

அடுத்தது இறக்கம். "அடி இறங்கிருச்சு சிஸ்டர்"னு கூச்சத்தோட சொல்லுவாங்க, குனிஞ்சு உக்காரும்போது கையில தட்டுப்படும், மூத்திரம் முழுசாப் போன மாதிரி இருக்காது. மலையில இது அதிகம் தொந்தரவு கொடுக்கும், செங்குத்தான சரிவுல நின்னு இலை பறிச்சு முதுகுல கட்டிக்கிட்டு எடை போடுற இடத்துக்கு நடக்கிற வேலை, போதாததுக்கு விறகு அடுப்புப் புகையில வர்ற தீராத இருமல், ஒவ்வொரு இருமலும் அடிவயித்த கீழ தள்ளும். லேசா இறங்கினா மூத்திரத்த அடக்குற மாதிரி கீழ்த் தசைய இறுக்கி விடுற பயிற்சி பண்ணலாம், பிறப்புறுப்புக்குள்ள தாங்கிப் பிடிக்கிற ரப்பர் ரிங் வெச்சுப் பாக்கலாம். நல்லா இறங்கிட்டா கழுத்த எடுத்துட்டு மேல் முனைய தசைநார்ல பிடிச்சுக் கட்டுறது ஒரு வழி, இல்ல கழுத்த எடுக்காமலே மேல தூக்கிக் கட்டுறது இன்னொரு வழி, எது பொருந்தும்ங்கிறத டாக்டர்கிட்ட நேரா கேளுங்க.

மத்த காரணம் எல்லாம் சுருக்கமா: டெஸ்ட்ல கேன்சருக்கு முந்தின மாற்றம் தெரிஞ்சு, சின்னதா அந்த இடத்த மட்டும் எடுத்தும் போகாம திரும்பி வர்றது, ஸ்டம்ப்ல நார்க்கட்டி வர்றது, எண்டோமெட்ரியோசிஸ் வலி அங்க தங்கிடுறது. கேன்சர்னே உறுதியாயிட்டா இந்த சாதாரண ட்ரக்கலெக்டமி பத்தாது, கேன்சர் ஆஸ்பத்திரியில அகலமான ஆபரேஷனோ ரேடியேஷனும் கீமோவுமோ கொடுப்பாங்க. அதனாலதான் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி பாப், எச்பிவி, சந்தேகம் இருந்தா கால்பாஸ்கோப்பியில (கர்ப்பப்பை வாயப் பெருசாக் காட்டுற கருவி) பாத்து சதைத் துணுக்கு எடுத்து பயாப்ஸி, இதெல்லாம் கட்டாயம் முடிச்சிருக்கணும். இத எதுவும் பண்ணாம யாராவது நேரா தேதி கொடுத்தா "டெஸ்ட் பாத்துட்டீங்களா டாக்டர்"னு கேக்குறதுல தப்பே இல்ல.

ஆபரேஷன் எப்படி நடக்கும்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். பெரும்பாலும் கீழ் வழியாவே பண்ணுவாங்க, வயித்துல கீறல் கிடையாது. முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப் போக வெப்பாங்க, இல்ல முழு மயக்கம் கொடுப்பாங்க, யூரின் டியூப் போட்டு மூத்திரப்பைய காலி பண்ணுவாங்க. ஒரு இடுக்கியால கழுத்தோட உதட்டப் பிடிச்சு கீழ இழுத்து, சுத்தி வட்டமா கீறி, முன்னாடி ஒட்டியிருக்கிற மூத்திரப்பைய விரலாலயும் கத்திரியாலயும் மெதுவா மேல தள்ளுவாங்க. இந்த ஆபரேஷன்ல கஷ்டமான இடமே இதுதான், ஏன்னா மொதல் ஆபரேஷன்ல வெட்டின முனை மேல மூத்திரப்பையோ குடலோ படிஞ்சு ஒட்டியிருக்கலாம், மேல பிடிச்சு இழுக்கவோ அடையாளம் பாக்கவோ கர்ப்பப்பை இருக்காது, கிட்னியிலருந்து வர்ற மூத்திரக் குழாய் ரெண்டும் கழுத்துக்கு ரெண்டு பக்கமும் சுமார் 2 செ.மீ. தள்ளித்தான் போகுது. ஒதுக்கி முடிச்சதும் கழுத்தத் தாங்கிப் பிடிச்சிருக்கிற தசைநாரையும் ரத்தக்குழாயையும் கிளாம்ப் போட்டு வெட்டிக் கட்டி கழுத்த வெளிய எடுப்பாங்க, பிறப்புறுப்போட மேல் முனையத் தைச்சு, பின்னாடி அது இறங்காம இருக்க அதே தசைநாரோட சேத்துக் கட்டுவாங்க. எடுத்த சதை பயாப்ஸிக்குப் போகும். கழுத்து ரொம்ப மேல இருந்தா, ஒட்டுதல் அதிகம்னா, லேப்ராஸ்கோப்பியோ வயித்தத் திறந்தோ பண்ண வேண்டி வரும், கீழ் வழியா ஆரம்பிச்சு நடுவுல மாத்துறதும் உண்டு, அதுக்கும் சேத்துத்தான் கையெழுத்து வாங்குவாங்க. இந்த ஆபரேஷன் தினமும் நடக்கிறது இல்ல, அதனால "நீங்க ஸ்டம்ப் ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா"ன்னு கேட்டு, பண்ணினவங்ககிட்ட போங்க, ஊட்டியிலயே முடியுமா கோயம்புத்தூர் போகணுமாங்கிறத அத வெச்சு முடிவு பண்ணுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா இந்த ஆபரேஷனுக்குச் செல்லுமான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்டர்ல கேட்டுடுங்க.

நம்ம மலைக்காரங்களுக்குன்னு சில விஷயம் சொல்லணும். இருளர், குறும்பர், பணியர் மக்கள்ல அரிவாள் செல் ரத்தசோகை, அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையுற பரம்பரை நோய், இருக்கு, இந்தியாவுல இது மொதல் மொதல்ல தெரிய வந்ததே 1952ல நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்டதான். அது இருக்கிறவங்களுக்கு குளிர், தண்ணிச்சத்து குறையுறது, ஆக்சிஜன் குறையுறது எல்லாமே வலியக் கிளப்பும், அதனால மயக்க டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும், டெஸ்ட் பண்ணலைன்னா பண்ணிக்கணும். சாதாரண ரத்தசோகை எஸ்டேட் பெண்கள்ல ரொம்ப சகஜம், மொதல்ல இரும்புச்சத்து மாத்திரையோ டிரிப்போ போட்டு ரத்தத்த ஏத்திட்டு அப்புறம் தேதி வாங்குங்க, கறை பிரச்சனைக்கு ஒரு மாசம் தள்ளுறதுல நஷ்டம் இல்ல. இருமல் இருந்தா அதையும் சரி பண்ணிட்டுத்தான் போகணும், உள்தையல் இருமலத் தாங்காது.

ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, மலைக்குக் கீழ கோயம்புத்தூர் மாதிரி ஊர் ஆஸ்பத்திரியில பண்ணிக்கிட்டவங்களுக்கு அதுக்கப்புறம் காட் ரோடு இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டு வாந்தி மாத்திரை போட்டுக்கோங்க, வாந்தி எடுத்து முக்கினா தையலுக்கு ஆகாது, மேட்டுப்பாளையத்துலயே பாத்ரூம் போயிடுங்க, பர்லியார்ல வண்டிய நிறுத்தச் சொல்லி கொஞ்சம் நடங்க, காலத் தொங்கப் போட்டு ரொம்ப நேரம் உக்காந்தா ரத்தம் உறையும். ஆறு வாரத்துக்கு இலை மூட்டை, தண்ணிக் குடம், விறகு எதுவும் தூக்கக் கூடாது, ஆறுலருந்து எட்டு வாரம் தாம்பத்தியம் கூடாது, இத புருஷனக் கூட வெச்சுக்கிட்டு டாக்டர் வாயாலயே சொல்ல வெச்சுடுங்க, அப்பதான் வீட்டுல நடக்கும். மலச்சிக்கல் வராமப் பாத்துக்கணும். கொஞ்ச நாள் லேசா கறை, தண்ணி மாதிரி கசிவு இருக்கும், அது சரி. ஆனா ஆபரேஷன் ஆகி ஒரு வாரத்துலருந்து ரெண்டு வாரத்துக்குள்ள திடீர்னு ரத்தம் கொட்டலாம், உள்தையல் கரையுற நேரம், கிருமி பிடிச்சா அப்படி ஆகும். பந்தலூர், மஞ்சூர் தாண்டி உள்ள இருக்கிறவங்க அந்த ரெண்டு வாரம் டவுன்ல சொந்தக்காரங்க வீட்டுல தங்குறது எவ்வளவோ மேல். காய்ச்சல், நாத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, இடுப்புப் பக்கவாட்டு வலி, கட்டுப்பாடே இல்லாம பிறப்புறுப்பு வழியா மூத்திரம் ஒழுகுறது, இதுல எது வந்தாலும் காலைல பாக்கலாம்னு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, ரத்தம் கொட்டினா 108 கூப்பிடுங்க.

பயாப்ஸி ரிப்போர்ட் வர சில வாரம் ஆகலாம், அத நேர்ல போய் வாங்கி டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுல கெட்ட மாற்றம் எதுவும் இல்ல, முன்னாடியும் இருந்ததில்லைன்னா, கழுத்தே இல்லாததால இனிமே கர்ப்பப்பை வாய் டெஸ்ட் தேவையில்ல. முன்னாடியோ இப்பவோ சிஐஎன் 2, சிஐஎன் 3ன்னு (கேன்சருக்கு முந்தின மாற்றத்தோட அளவு) எழுதியிருந்தா கழுத்து போன பிறகும் அந்தத் தைச்ச முனையிலருந்து ஸ்மியர் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும், எத்தனை மாசத்துக்கு ஒரு தடவைன்னு கேட்டு அதே தாள்ல தமிழ்ல எழுதி வாங்கிட்டு வாங்க.